பாசிக்குடாவுக்கும் அறுகம்பேக்கும் எதில போறது? பஸ், ரயில், கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழைச்சேனைப் பக்கம் வீடு இருப்பவனுக்குச் சித்திரை பிறந்தால் ஒரு வேலை கூடும். கொழும்பு, யாழ்ப்பாணம், கண்டி, கனடா என்று எங்கெங்கோ இருந்து சொந்தக்காரரும், சொந்தக்காரரின் கூட்டாளிமாரும் போன் எடுப்பார்கள். கடலுக்கு வரப்போகிறோம், எதில் வருவது? கேள்விகள் வருடா வருடம் அதேதான். ஆகவே கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, கீழே பதிலை எழுதியிருக்கிறேன். கட்டணம் எதையும் எழுதவில்லை. எண்ணெய் விலையோடு அதுவும் ஏறி இறங்குவதால் போன மாதக் கணக்கு இந்த மாதம் உதவாது.

கிழக்குக்குக் கடல் பார்க்க வாறம். ரயிலா, பஸ்ஸா, காரா, எது நல்லம்?

எந்தக் கடல் என்று முதலில் சொல்லுங்கள். பாசிக்குடா, கல்குடா, மட்டக்களப்பு டவுனுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லடி, இந்த மூன்றுக்கும் ரயில் உதவும். அறுகம்பே அம்பாறை மாவட்டத்தில், பொத்துவிலுக்கு அருகில் இருக்கிறது. அங்கே ரயில் போகாது. தண்டவாளம் மட்டக்களப்பு ஸ்டேசனோடு முடிந்துவிடுகிறது.

என் கருத்தைக் கேட்டால், பாசிக்குடாவுக்கு ரயில், அறுகம்பேக்குக் கார் அல்லது வான், இரண்டுக்கும் நடுவில் ஊர் ஊராக இறங்கிப் போக பஸ். ஆனால் ஆட்களின் எண்ணிக்கை, வயது, வந்து சேரும் நேரம் இவற்றைப் பொறுத்து இது மாறும். மிச்சக் கேள்விகள் எல்லாம் அதைப் பற்றித்தான்.

மெப்பில பார்த்தா மட்டக்களப்பும் அறுகம்பேயும் கிட்டத்தானே கிடக்கு? ரயில்ல மட்டக்களப்பு வந்து ஓட்டோ பிடிச்சா என்ன?

கிட்ட இல்லை. நூறு கிலோமீற்றருக்கு மேல். ஓட்டோக்காரர் சந்தோசமாக வருவார், உங்கள் முதுகுதான் சந்தோசப்படாது. மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் கல்முனை அல்லது அக்கரைப்பற்று வந்து, அங்கே மாறிப் பொத்துவிலுக்குப் போகலாம். பொத்துவிலில் இருந்து அறுகம்பே சுமார் மூன்று கிலோமீற்றர். அந்தத் துண்டுக்கு மட்டும் ஓட்டோ பிடியுங்கள்.

நேரே அறுகம்பே மட்டும்தான் போவதென்றால் மட்டக்களப்பைச் சுற்றி வரத் தேவையில்லை. கொழும்பிலிருந்து மொனராகலை, சியம்பலாண்டுவ, லாகுகலை வழியாகப் பொத்துவிலுக்கு வரும் ஏ4 வீதி இருக்கிறது. நேரடி பஸ் கிடைக்காவிட்டால் மொனராகலையில் மாறிக்கொள்ளலாம்.

பாசிக்குடாவுக்கு எந்த ஸ்டேசன்ல இறங்கணும்? மட்டக்களப்பா?

இல்லை, வாழைச்சேனை. மட்டக்களப்புக்குப் போனால் முப்பது கிலோமீற்றருக்கு மேல் தாண்டிப்போய் அவ்வளவு தூரமும் திரும்பி வரவேண்டும். வாழைச்சேனையிலிருந்து பாசிக்குடா ஐந்து கிலோமீற்றர் அளவுதான். அடுத்த ஸ்டேசனான கல்குடா கடற்கரைக்கு இன்னும் கிட்ட. ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்கும் என்று நம்பாமல், டிக்கட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இருட்டில் வரும்போது எங்கே இறங்குவது என்று பதற்றப்படுகிறவர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். புணானைக் காடு கழிந்து கொஞ்ச நேரத்தில் ரயில் வேகம் குறைந்து ஓட்டமாவடி இரும்புப் பாலத்தில் கடகடக்கும். கீழே தண்ணீர் தெரியும். அந்தச் சத்தம் கேட்டால் பையைத் தட்டிலிருந்து இறக்குங்கள், அடுத்தது வாழைச்சேனைதான்.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் இதே கதைதான். கொழும்பிலிருந்து பொலன்னறுவை வழியாக மட்டக்களப்பு, கல்முனை போகும் பஸ்கள் எப்படியும் வாழைச்சேனையைக் கடந்துதான் போகும். ஏறும்போதே கொண்டக்டரிடம் சொல்லிவையுங்கள். நடுவில் இறங்கினாலும் கடைசி ஊர்வரைக்கும் உள்ள காசை வாங்கும் சொகுசு பஸ்கள் உண்டு. அதில் வாதாடிப் பயனில்லை.

ரயில்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? பஸ் கெதியா வந்துடுமா?

கொழும்பு கோட்டையிலிருந்து ரயில் எட்டு ஒன்பது மணித்தியாலம். பஸ் ஏழு எட்டு. கார் வழியில் அதிகம் நிற்காமல் வந்தால் ஆறு ஏழு. ஆக, ரயில்தான் மெல்ல வருவது. அது பொல்கஹவெல, குருநாகல், மாகோ என்று வடக்கே ஏறி, கல்ஓயாச் சந்தியில் திருகோணமலைப் பாதையை விட்டுப் பிரிந்து, பொலன்னறுவை, வெலிக்கந்தை வழியாகக் கிழக்கே இறங்குகிறது. ரோட்டை விடச் சுற்று.

இன்னொரு காரணம் யானை. ஹபரணையிலிருந்து புணானை வரைக்கும் தண்டவாளம் யானைக் காட்டை அறுத்துக்கொண்டு போகிறது. 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன மீனகயா இரவு ரயில் ஹபரணைக்கு அருகே யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. ஆறு யானைகள் செத்தன. அந்தப் பகுதியில் இரவில் ரயிலை மெதுவாக ஓட்டுகிறார்கள் என்றால் அது நியாயம்தான். ஒரு மணித்தியாலம் பிந்தும் என்று முதலே மனதில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

பிந்தும் எண்டு நீங்களே சொல்றீங்க. பிறகென்னத்துக்கு ரயில்?

கழிவறை. இதை வெட்கப்படாமல் சொல்லவேண்டும். தூர பஸ்ஸில் அது கிடையாது. தம்புள்ளையிலோ ஹபரணையிலோ தேநீருக்கு நிறுத்தும்வரை பொறுக்கவேண்டும். சின்னப் பிள்ளைகளோடும் சீனி வருத்தம் உள்ளவர்களோடும் வந்து பார்த்தால் தெரியும். ரயிலில் எழும்பி நடக்கலாம், காலை நீட்டலாம், வடைக்காரர் வருவார். டிக்கட்டும் மலிவு.

கடலைப் பார்த்துக்கொண்டு வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது காலிக்குப் போகும் ரயில். மட்டக்களப்பு ரயிலில் கடல் தெரியாது. மன்னம்பிட்டியில் மகாவலி, பிறகு காடு, வயல், ஓட்டமாவடியில் வாவி, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும்.

பகல் ரயில்ல வாறதா, இரவு ரயில்ல வாறதா?

பகலில் உதயதேவி. விடிகாலை ஆறு மணி அளவில் கோட்டையிலிருந்து வெளிக்கிட்டு, மத்தியானம் கழிய வந்து சேரும். ஹொட்டேலில் அறை தயாராக இருக்கும் நேரம். குளித்துவிட்டுப் பின்னேரக் கடலுக்குப் போகலாம். ஆனால் ஒரு பகல் போய்விடும்.

இரவு ரயில் நாளை மிச்சம் பிடித்துத் தரும், நித்திரையைப் பிடுங்கும். விடியுமுன் வாழைச்சேனையில் இறக்கிவிடும். மேடையில் நாலைந்து ஓட்டோக்காரர், ஒரு நாய், பூட்டிய கடைகள். ஹொட்டேலில் அறை மத்தியானத்துக்குப் பிறகுதான் தருவார்கள். வெயிலேறும் வரை பையோடு வரவேற்பறையில் குந்தியிருக்கவேண்டி வரும். அப்படி வருவதானால் முதல்நாளே ஹொட்டேலுக்கு போன் பண்ணி, வாகனம் அனுப்பச் சொல்லி, வெள்ளென அறை தருவார்களா என்றும் கேளுங்கள். நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் வெளிக்கிட முன் 1919க்கு அடித்து உறுதி செய்யுங்கள்.

சீட் புக் பண்ணாம வர ஏலுமா?

சாதாரண செவ்வாய், புதன் என்றால் ஏலும். போயாவோடு ஒட்டிய வார விடுமுறை, சித்திரை வருடப்பிறப்பு, பாடசாலை லீவு என்றால் ஏலாது. ஏறலாம், நின்றுகொண்டு வரலாம். பொலன்னறுவையில் ஒரு கூட்டம் இறங்கும்போதுதான் சீட் கிடைக்கும். அதற்குள் பாதிக்கு மேல் வந்துவிட்டிருப்பீர்கள்.

ரயில் முன்பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும். இணையத்திலும் எடுக்கலாம், ஸ்டேசனிலும் எடுக்கலாம். அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள், வெளிநாட்டுக்காரர் என்றால் பாஸ்போட். டிக்கட்டில் உள்ள ஆள்தான் பயணம் செய்யவேண்டும். யாரோ ஒருவர் பேரில் எடுத்த டிக்கட்டை ஸ்டேசன் வாசலில் கூடிய விலைக்கு வாங்கிக்கொண்டு ஏறாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில இருந்து ரயில்ல பாசிக்குடா வரலாமே?

வரலாம், தெற்கே மாகோ வரைக்கும் இறங்கி, அங்கே மாறி, திரும்ப வடகிழக்காக ஏறவேண்டும். இரண்டு ரயிலின் நேரமும் பொருந்தாது. மாகோவில் வாங்கில் இருக்கும் நேரத்தில் பஸ்ஸில் வீடு வந்து சேரலாம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நேரடி பஸ் இருக்கிறது. அதில் ஏறி வாழைச்சேனையில் இறங்குங்கள்.

திருகோணமலையில இருந்து?

இதற்கு மறுபேச்சு இல்லை, பஸ். ஒரு காலத்தில் மூதூர்ப் பக்கம் ஒவ்வொரு ஆற்றுக்கும் பாதைப் படகு காத்துநின்ற ரோடு இது. 2009இல் கிண்ணியாப் பாலமும் அதன்பின் மற்றப் பாலங்களும் வந்தபிறகு நேரே ஓடலாம். வெருகல், வாகரை, பனிச்சங்கேணி என்று வரும்போது ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் வாவி. ரயிலில் வருவதானால் கல்ஓயா வரை மேற்கே போய்த் திரும்பவேண்டும். யாரும் அப்படி வருவதில்லை.

கண்டியில இருந்து?

கண்டியிலிருந்து மட்டக்களப்புக்கு நேரடி ரயில் இல்லை. தம்புள்ளை, பொலன்னறுவை வழியாக பஸ் வசதி. மகியங்கனை, மகாஓயா, செங்கலடி வழி தூரம் குறைவு. ஆனால் மகியங்கனைக்கு இறங்கும்போது அந்தப் பதினெட்டு வளைவு இருக்கிறது. வாந்தி எடுக்கிற பிள்ளை இருந்தால் தம்புள்ளை வழிதான்.

கட்டுநாயக்கவில இறங்கி நேரே கடலுக்கு வரணும். கொழும்புக்குப் போகத்தான் வேணுமா?

வேண்டாம். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களை ஏற்றிக்கொண்டு எயார்போட்டுக்கு ஹயர் வரும் வான்கள் பல. இறக்கிவிட்டு வெறுமையாகத்தான் திரும்பும். ஊரில் தெரிந்தவர் மூலம் அப்படி ஒரு வானைப் பிடித்தால் தனி ஹயரை விடக் குறைந்த காசுக்கு வரலாம். உங்கள் விமானம் பிந்தினால் எவ்வளவு நேரம் காத்துநிற்பார் என்பதை முதலே பேசிக்கொள்ளுங்கள்.

ரயில்தான் ஆசை என்றால் பின்னுக்குக் கோட்டைக்குப் போகாமல் பொல்கஹவெலவிலோ குருநாகலிலோ ஏறுங்கள். சீட் பற்றிச் சொன்னது இங்கே இன்னும் பொருந்தும். அந்த ஸ்டேசன்களில் ரயில் நிறைந்துதான் வரும்.

நாங்க ஆறு பேர். வான் பிடிச்சா லாபமா, பஸ் லாபமா?

ஆறு பஸ் டிக்கட்டோடு, இறங்கியபின் ஓடும் ஓட்டோக் காசையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆறு பேருக்கு இரண்டு ஓட்டோ வேண்டும். கடற்கரைக்கு, சாப்பாட்டுக்கு, திரும்ப என்று அந்தக் காசு மெல்ல மெல்லக் கூடும். நான்கு பேருக்குக் கீழே என்றால் பஸ்ஸோ ரயிலோதான் மலிவு. ஐந்து ஆறு பேர், இரண்டு மூன்று நாள் என்றால் வானும் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துவிடும்.

வான் பேசும்போது கேட்கவேண்டியவை: டிரைவரின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர், மேலதிகமாக ஓடினால் என்ன கணக்கு, ஏசி போட்டால் விலை மாறுமா. ஒரு வழி மட்டும் என்றாலும் திரும்பிப் போகும் எண்ணெய்க் காசு விலைக்குள் இருக்கும். அதைக் கொள்ளை என்று நினைக்காதீர்கள், அவரும் வெறுமையாகத்தானே போகிறார்.

நானே கார் ஓடி வாறன். எந்த ரோட்டு? வேலை முடிய இரவு வெளிக்கிட்டா விடியக் கடல்ல நிக்கலாமே?

பாசிக்குடாவுக்கு: மீரிகம வரை வந்து, 2022 ஜனவரியில் திறந்த அதிவேகப் பாதையில் குருநாகல், பிறகு தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை. அறுகம்பேக்கு இரண்டு வழி. இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய என்று ஏ4 முழுக்க வரலாம். அழகு, ஆனால் வளைவு அதிகம், மழைக்காலத்தில் பெரகலை, கொஸ்லந்தைப் பக்கம் மண்சரிவு. அல்லது தெற்கு அதிவேகப் பாதையில் மத்தளை வரை போய், தணமல்வில, வெல்லவாய, மொனராகலை வழியாக வரலாம். தூரம் கூட, களைப்புக் குறைவு. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இரவு ஓட்டம் வேண்டாம். ஹபரணையிலிருந்து வெலிக்கந்தை கழியும் வரையும், சியம்பலாண்டுவவிலிருந்து பொத்துவில் வரையும் யானை ரோட்டுக்கு வரும் இடங்கள். லாகுகலையில் பொழுது சாயும் நேரமே வந்துவிடும். கறுத்த ரோட்டில் கறுத்த யானை நின்றால் லைட் வெளிச்சத்தில் முதலில் தெரிவது அதன் கால்தான், அதுவும் மிகக் கிட்டப் போனபிறகு. கதிர்காமம், புத்தள ரோட்டைக் குறுக்குவழி என்று சொல்வார்கள். அங்கே யானை வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்டுப் பழகிவிட்டது. பிள்ளைகளோடு அந்த வழி தேவையில்லை.

யானை மட்டுமில்லை, நித்திரையும் வேகமும். 2023 ஜூலையில் கதுருவெலவிலிருந்து காத்தான்குடிக்கு வந்த பஸ் இரவு நேரத்தில் மன்னம்பிட்டிக்கு அருகே பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து பத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

என்னட்ட லண்டன் லைசன்ஸ் இருக்கு. கார் வாடகைக்கு எடுக்கலாம்தானே?

அதை மட்டும் வைத்து ஓட முடியாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதியோ, இங்கே அங்கீகரித்த சர்வதேச அனுமதியோ வேண்டும். உண்மையைச் சொன்னால் டிரைவரோடு எடுங்கள். லண்டனில் ஓடிப் பழகியவருக்கு எதிரே ஒரே நேரத்தில் பஸ், ஓட்டோ, உழவு மெஷின், மாடு எல்லாம் வரும்போது விடுமுறை விடுமுறையாக இருக்காது.

மகள் தனியா இரவு பஸ்ல வரப்போறாளாம். அனுப்பலாமா?

தனியாக வருகிற பெண் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அனுப்பலாம். ஆனால் நான் பயப்படுவது பஸ்ஸுக்குள் இருக்கும் நேரத்துக்கு இல்லை, இறங்கும் நேரத்துக்கு. அதிகாலை மூன்று மணிக்குச் சந்தியில் தனியாக இறங்கும்படி டிக்கட் எடுக்காதீர்கள். முன்பக்கச் சீட்டாகப் புக் பண்ணி, பக்கத்தில் பெண் ஒருவர் இருக்கும்படி கேட்கலாம். கூட்டிப்போக ஆள் இல்லையென்றால் பகல் ரயில்தான் என் பதில்.

சேர்ஃப் பலகையை பஸ்ல ஏத்துவாங்களா?

ஏற்றுவார்கள், மேலதிகக் காசு கேட்பார்கள், கூட்டம் என்றால் மாட்டார்கள். அறுகம்பேயில் வாடகைக்கே கிடைக்கிறது.

பாசிக்குடா, அறுகம்பே ரெண்டையும் ஒரே பயணத்தில பார்க்க ஏலுமா?

நல்ல யோசனை. ரயிலில் வாழைச்சேனை வந்து பாசிக்குடா. பஸ்ஸில் மட்டக்களப்பு. பிறகு கரையோரமாகத் தெற்கே காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. ஒரு ஊர் முடிவதும் மற்றது தொடங்குவதும் தெரியாது. கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் மாறி மாறிக் கேட்கும், பஸ் இருநூறு மீற்றருக்கு ஒருமுறை நிற்கும். அக்கரைப்பற்று கழிய, திருக்கோவில், கோமாரி என்று ஊர்கள் விலகி வெளி திறக்கும். காரில் இந்தத் துண்டை இரண்டரை மணித்தியாலத்தில் கடக்கலாம். பஸ்ஸில் அரை நாள் ஒதுக்குங்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இந்த வழியில் வந்தால் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் பாதி ஊரில் கடை பூட்டியிருக்கும். களுவாஞ்சிக்குடிக்கு முன்னமே சாப்பிட்டுவிடுங்கள். திரும்பும்போது அறுகம்பேயிலிருந்து மொனராகலை வழியாக எல்ல போய், மலைநாட்டு ரயில் கொழும்பு வரை ஓடுகிறதா என்று கேட்டுப் பார்த்து, ஓடினால் அதில் இறங்கலாம். வந்த வழியே போகத் தேவையில்லை. சொந்தக் காரில் வந்தால் இந்த வசதி இல்லை, காரையும் ரயிலில் ஏற்றவா முடியும்?

டிசம்பர்லதான் எங்களுக்கு லீவு. அப்ப வந்தா?

எதில் வருவது என்பதற்கு முன் வருவதா என்று யோசிக்கவேண்டிய மாதம் அது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், பாசிக்குடாவின் அந்த இடுப்பளவுத் தண்ணீரும் கலங்கிக் கிடக்கும். மன்னம்பிட்டியில் மகாவலி பெருகினால் ரோடும் ரயிலும் நின்றுவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது நாட்டின் பல இடங்களில் ரயில் பாதையே சிதைந்தது. வரத்தான் வேண்டும் என்றால் பஸ்ஸை நம்புங்கள். ஒரு ரோடு அடைத்தால் இன்னொரு ரோட்டால் வரும், தண்டவாளத்துக்கு மாற்று வழி இல்லை.

ஞாயிறு பின்னேரம் வரைக்கும் கடல்ல நிண்டுட்டு, திங்கள் காலையில ஒஃபிசுக்குப் போக ஏலுமா?

எல்லாரும் போடும் திட்டம் இதுதான், அதனால்தான் ஞாயிறு இரவு பஸ்ஸில் இடம் கிடைப்பதில்லை. வரும் டிக்கட்டை எடுக்குமுன் போகும் டிக்கட்டை எடுங்கள். கல்முனை, அக்கரைப்பற்றிலிருந்து வெளிக்கிடும் பஸ்கள் வாழைச்சேனைக்கு வரும்போது நிறைந்துவிடும். ஆகவே சந்தியில் நின்று கை காட்டி ஏறலாம் என்று இருக்கவேண்டாம். முன்பதிவில் ‘வாழைச்சேனையில் ஏறுவேன்’ என்று சொல்லி, பஸ்காரரின் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவு ரயிலில் போவதானால் மேலே சொன்ன தாமதத்தைக் கணக்கில் எடுங்கள். எட்டரைக்குக் கையொப்பம் வைக்கவேண்டிய உத்தியோகம் என்றால் அதை நம்பிப் போகாதீர்கள், திங்களுக்கும் சேர்த்து லீவு போடுங்கள். காரில் வந்தவர்கள் ஞாயிறு காலைக் குளிப்போடு வெளிக்கிடவேண்டும், ஹபரணையைப் பொழுது சாயுமுன் தாண்டுவதற்கு.